நாவூறு கழிச்ச பூசணிக்காய்

தங்கச்சி, முதலே சொல்லிப்போடுறன், பேய் பிசாசு செய்வினை எண்டு ஆராவது கதைச்சா எழும்பிப் போற ஆள் நான். இருபது வருஷமா முதியோர் இல்லத்துக் குசினியிலை வேலை. காலமை கஞ்சி குடிச்ச ஆள் மத்தியானம் இல்லாமப் போறதைக் கண்டு பழகினனான், ஒரு ஆவியும் திரும்பி வந்து என்னட்டை இன்னொரு கோப்பை கேட்டதில்லை. அதாலை நான் சொல்லுறதை நம்பினா நம்புங்கோ, இல்லாட்டி விடுங்கோ. ஆனா சாப்பிட்டுக்கொண்டு கேளாதேங்கோ, கொஞ்சம் அரியண்டமான கதை.

இஞ்சை கனடாவிலை, நாங்கள் மில்லிக்கனிலை இருந்து பிக்கரிங் வீட்டுக்கு வந்த வருஷம் நடந்தது. அந்தக் கோடையிலை இவருக்கு, என்ரை மனிசனுக்கு, வயித்திலை ஒப்பரேசன். ஒப்பரேசன் சரிவந்திட்டுது, ஆனா மனிசன் சாப்பாட்டை விட்டிட்டார். இடியப்பம் வைச்சா ரெண்டு நூல் கிள்ளுவார், புட்டு வைச்சா மணந்து பாத்திட்டுத் தள்ளிவிடுவார். தோளெலும்பு சேட்டுக்குள்ளாலை துருத்திக்கொண்டு நிண்டது. இப்பிடியே போனா மூக்காலை ரியூப் போடவேணும், அதையும் உடம்பு தாங்குமோ தெரியாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். எனக்கு அந்த நேரம் வேற யோசினை ஒண்டும் இல்லை, இந்த மனிசன் ஒரு கோப்பை சோறு தின்னவேணும், அவ்வளவுதான்.

புது வீட்டுக் குடிபூரலுக்கு வந்த சனம் வீட்டைப் பாக்கேல்லை, இவரைத்தான் பாத்தது. "ஐயோ அண்ணை, என்ன உப்பிடி உருகிப்போனியள்" எண்டு வாசல்லை நிண்டு ஆளாளுக்குக் கேக்கினம். ஐயர் பாத்திட்டு, வீட்டுக்கும் இவருக்கும் சேத்து ஒரு நீற்றுப்பூசணி சுத்தி உடையுங்கோ, நாவூறு கண்ணூறு எல்லாம் போகும் எண்டார். கடையிலை நீற்றுப்பூசணி முடிஞ்சுதாம். மகள் மது, கடைக்காரர் ஹலோவீனுக்கு வெளியிலை குவிச்சு வைச்சிருந்த செம்மஞ்சள் பூசணியிலை ஒண்டை வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறாள். ஐயருக்கும் அடுத்த வீட்டுக்குப் போற அவசரம், "பூசணிதானே, பரவாயில்லை" எண்டிட்டார். குங்குமம் பூசி, கற்பூரம் ஏத்தி, இவரைக் கதிரையிலை இருத்தி மூண்டு தரம் சுத்தினது நான்தான். இவரைப் பிடிச்சதெல்லாம் இதுக்குள்ளை இறங்கவேணும் எண்டு மனசுக்குள்ளை கெஞ்சிக்கொண்டு சுத்தினன்.

பிறகு அதைச் சந்தியிலை கொண்டுபோய் உடைக்கவேணும். மது மறிச்சிட்டாள். "ரோட்டிலை ஸ்மாஷ் பண்ணேலாது அம்மா, நெய்பர்ஸ் கொம்ப்ளெயின் பண்ணுவினம்." புது இடம், நானும் யோசிச்சன். வாசல் படியிலை வைச்சா ஹலோவீன் பூசணி எண்டுதானே நினைப்பினம், பிறகு பாப்பம் எண்டு வைச்சிட்டு அடுத்த நாள் வேலைக்குப் போயிட்டன். பிழை அதுதான். கழிப்புக் கழிச்ச சாமான் வீட்டு வாசல்லை கிடக்கக்கூடாது எண்டு எனக்குத் தெரியும், இதுகளை நம்பாத ஆள் எண்டபடியால் அலட்சியமா விட்டிட்டன்.

அடுத்த நாள்தான் ஹலோவீன். பின்னேரம் வீட்டை வாறன், படியிலை அந்தப் பூசணிக்குக் கண்ணும் வாயும் வெட்டி உள்ளுக்கை மெழுகுதிரி எரியுது, வாய்க்குப் பக்கத்திலை நான் பூசின குங்குமம் அப்பிடியே கிடக்குது. "பிள்ளையள் இனிப்புக் கேட்டு வருவினம், சும்மா கிடந்ததுதானே எண்டு வெட்டினன்" எண்டாள் மது. வெளிச்சம் வெளியிலை தெரியட்டும் எண்டு தோல் மட்டும் நிக்கிறமாதிரி நல்லாச் சுரண்டியிருந்தாள். அந்தச் சதை எங்கை எண்டு கேட்டன். அப்பா எடுத்துக்கொண்டு உள்ளுக்கை போயிட்டார் எண்டாள்.

குசினிக்குள்ளை போனா, சுடுதண்ணி வைக்கவும் தெரியாத மனிசன் அடுப்படியிலை நிண்டு சட்டியைக் கிண்டுறார். உப்பில்லை, தூளில்லை, வெறும் சதை. மணம் எண்டா, தங்கச்சி, அது பூசணி மணமில்லை. எங்கடை வேலையிடத்திலை படுக்கைப் புண் கழுவுற அறைப்பக்கம் போனா வரும், சீழும் மருந்தும் கலந்த ஒரு மணம், அதுதான். இவர் கோப்பையும் எடுக்கேல்லை, சட்டிக்குள்ளை கையை விட்டு அள்ளி அள்ளித் தின்னுறார், நார் நாடியிலை தொங்குது, அதையும் வழிச்சு உறிஞ்சுறார்.

"இஞ்சருங்கோ, அது உங்களுக்குக் கழிச்சதெல்லோ" எண்டன்.

"என்னிலை இருந்து போனதுதானே" எண்டார். "என்ரைதானே."

நான் ஓடிப்போய் சிங்குக்குள்ளை சத்தி எடுத்தன். பொய் சொல்லக்கூடாது, சத்தி எடுக்கேக்கையே எனக்குச் சந்தோசம். நாலு மாசத்துக்குப் பிறகு மனிசன் ஒரு சட்டி சாப்பிட்டிருக்கிறார்.

விடியக் கதவைத் திறக்கிறன், இவர் படியிலை குந்தியிருந்து கரண்டியாலை சுரண்டுறார். முதல் நாள் வெறும் தோலா நிண்ட பூசணிக்குள்ளை இப்ப ரெண்டு விரல் தடிப்புக்குச் சதை. மது வெட்டின கண் ரெண்டும் புண் ஆறி மூடுறமாதிரி உள்பக்கத்தாலை சுருங்கியிருந்தது. நான் கையை விட்டுப் பாத்தன். படியெல்லாம் பனி உறைஞ்சு கிடக்குது, உள்ளுக்கை ஆரோ ஒராளின்ரை வாய்க்குள்ளை விரலை விட்டதுபோலை இளஞ்சூடும் வழவழப்பும். தெருவிலை மற்ற வீட்டுப் பூசணியள் எல்லாம் அணில் கடிச்சு அழுகத் தொடங்கியிட்டுது, எங்கடைக்குக் கிட்ட ஒரு அணிலும் வரேல்லை. மதுவைக் கூப்பிட்டுக் காட்டினன். குனிஞ்சு பாத்திட்டு, "நான் வடிவாச் சுரண்டேல்லையாக்கும்" எண்டாள். ஆனா அந்த நாள் தொடக்கம் அவள் முன்வாசலாலை போறதை விட்டிட்டு கராஜாலை போய் வந்தாள்.

தூக்கி எறிஞ்சிருக்கலாம்தானே எண்டு கேப்பியள். எறிஞ்சனான். குப்பைப் பையிலை போட்டு இறுக்கிக் கட்டி கராஜிலை வைச்சனான். அண்டைக்கு மத்தியானம் சோறு வைச்சன், தொடேல்லை. பின்னேரம் சூப், தொடேல்லை. சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறார், அந்தத் தோளெலும்பு தள்ளிக்கொண்டு நிக்குது. நானே போய்ப் பையை அவிட்டன். இதைத்தான் நான் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை. அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சுரண்டினது அவரில்லை, நான். கையுறை போட்டு, மூக்கிலை சீலையைக் கட்டி, கடுகு கறிவேப்பிலை தாளிச்சு, தேங்காய்ப்பால் விட்டுக் கறியாக்கி, பக்கத்திலை இருந்து பரிமாறினன். அவர் வாயிலை வைக்க வைக்க எனக்கு மேலெல்லாம் கூசும், ஆனா இன்னும் ஒரு வாய் தின்னுங்கோ எண்டு கெஞ்சுவன். என்னை நினைக்க எனக்கே அருவருப்பு.

ஒம்பதாம் நாள் மத்தியானம் "காணும்" எண்டு கோப்பையைத் தள்ளினார். வெளியிலை போய்ப் பாத்தன், பூசணி கறுத்த தண்ணியாப் படி முழுக்க வடிஞ்சு கிடந்தது. பிளீச் ஊத்தி மூண்டு தரம் உரஞ்சினன். பின்னேரம் அவராவே சோறும் பருப்பும் கேட்டுச் சாப்பிட்டார். அடுத்த முறை டொக்டர் நிறை பாத்திட்டு, அப்பிடி என்ன குடுத்தனீங்கள் எண்டு கேட்டார். பூசணிக்காய்க் கறி எண்டன். வெரி குட் எண்டார்.

இப்ப ரெண்டு வருஷமாச்சு. மனிசனுக்குக் கன்னம் வைச்சிட்டுது, தோளெலும்பைத் தடவித்தான் தேடவேணும். குறை சொல்ல ஒண்டுமில்லை, ஒண்டைத் தவிர. எதைத் தின்னாலும் சரி, சோறோ பாணோ, முடியிற நேரம் விரலை வாய்க்குள்ளை விட்டு ஒரு பூசணி விதையை எடுத்துக் கோப்பை விளிம்பிலை வைப்பார். அந்த ஒம்பது நாளுக்குப் பிறகு எங்கடை வீட்டுக்குள்ளை பூசணி எண்டு ஒண்டு வந்ததே இல்லை. நேற்று இடியப்பமும் சொதியும், அதிலையும் ஒரு விதை, வெள்ளையா, ஈரமா, நார் ஒட்டினபடி. அவருக்கு அது தெரியுதோ எண்டும் எனக்குத் தெரியாது, மீன் முள்ளை எடுத்து வைக்கிறமாதிரி வைச்சிட்டுக் கை கழுவப் போயிடுவார். அந்தக் கோப்பையை நான் கையுறை போட்டுத்தான் கழுவுறன்.

கலியாணம் கட்டி முப்பது வருஷம், ஒருநாளும் எனக்காகக் காத்திருந்து சாப்பிட்ட மனிசன் இல்லை. இப்ப ஒவ்வொரு நாளும் கோப்பைக்கு முன்னாலை இருந்துகொண்டு, "வாருமப்பா, ஒண்டா இருந்து சாப்பிடுவம்" எண்டு கூப்பிடுறார். நான் வேலையிலை சாப்பிட்டிட்டன் எண்டு பொய் சொல்லிப்போட்டு, அவர் வாய்க்குள்ளை விரலை விட முதல் குசினியாலை வெளியிலை வந்திடுவன்.