இருபத்திரண்டாவது குரல்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இருபத்தாறு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன் நான். கதை விட்டுப் பழக்கமில்லை.

ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை. வெள்ளம் வந்தால் தாழ்வான தெருவில் இருப்பவர்களைப் டிராக்டரில் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவரும் வேலையை நானாகவே இழுத்துப் போட்டுக்கொண்டேன். சம்பளம் கிடையாது. ஆளுக்கொரு எண் கொடுப்பேன். எண்ணச் சொன்னால் அவரவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். "பட்டாளத்தார் தும்முறதுக்கும் நம்பர் கேப்பாரு" என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

அன்று மொத்தம் இருபத்திரண்டு பேர். தையல்காரர் இருபத்தொன்று, அவருடைய அக்கா இருபத்திரண்டு. தம்பியை முதல் நடையில் ஏற்றிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைசி நடையில் வருவதாக அந்தம்மா சொல்லியிருந்தார்.

மாலை 5.40. மின்சாரம் போனது. வகுப்பறை முழுக்கக் கும்மிருட்டு. இருந்த ஒரே டார்ச் டிராக்டர் ஓட்டுநரிடம். மூன்றாவது நடை ஆட்களை இறக்கிவிட்டு வாசலில் இருந்து கத்தினார்.

"சார், இன்னும் யாராவது பாக்கியா? தண்ணி ஏறுது!"

"இரு, எண்ணிடறேன்."

ஒண்ணு... ரெண்டு... வரிசையாக வந்தது. "இருபத்தொண்ணு" என்றார் தையல்காரர்.



"இருபத்திரண்டு."

மெல்லிய குரல். கதவுப் பக்கம்.

"அக்காதான் சார்! அப்பாடா, வயித்துல பால வார்த்துட்டா!"

"எல்லாரும் வந்தாச்சு. நீ அடுத்த தெருவைப் பாரு" என்று டிராக்டரை அனுப்பினேன். நான்தான் அனுப்பினேன்.

5.52.

"அக்கா, இங்க வந்து உக்காரு" என்று தையல்காரர் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார்... இல்லை.

திரும்ப எண்ணச் சொன்னேன்.

"இருபது..."

"இருபத்தொண்ணு..."

"இருபத்திரண்டு."

இந்தத் தடவை என் முதுகுக்குப் பின்னால்...

நான் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன்.

பள்ளிக் காவலாளி மெழுகுவர்த்தியோடு வந்தார். தலைகளை எண்ணினேன்.

இருபத்தொன்று.

வெளியே ஓடினேன். சாலையைக் காணோம். மார்பளவு தண்ணீர் ஆளை இழுத்தது. இரண்டு முறை விழுந்தேன். நாலு பேர் பிடித்து இழுத்துவந்தார்கள். சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன், சொல்ல வெட்கமில்லை. தையல்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கட்டும்வரை "அக்கா... அக்கா..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

விடிந்ததும் படகில் போனோம். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக் குழாயைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தார் அந்தம்மா.

செத்தபிறகு ஆவி வந்து எண்ணைச் சொல்லியிருக்கும் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பப் பார்த்தேன். டாக்டர் சொன்னதைக் கேட்டபிறகு முடியவில்லை. உயிர் போனது குளிரில். இரவு ஒன்பது மணிக்கு மேல்.

நான் எண்ணியபோது அந்தம்மா உயிரோடு இருந்தார். மாடியில், டிராக்டர் வரும் என்று காத்துக்கொண்டு.