பாதிப் படத்தில் எழுந்து போனவர்

என் தம்பி எடுத்த பேய்ப்படத்தை முதலில் பார்த்தவர்கள் வீட்டு ஆட்களும் அவன் நண்பர்களுமாகக் கொஞ்சப் பேர்தான். தென்காசியில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி ஹாலில், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திரையிட்டான். அவன் ஆலங்குளத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். தயாரிப்பாளர் என்று யாரும் கிடையாது. சீசன் இல்லாத மாதங்களில் குற்றாலத்து லாட்ஜ்கள் காலியாகக் கிடக்கும். அப்படி ஒன்றில் நண்பர்களை நடிக்க வைத்தே எடுத்திருந்தான்.

"தம்பின்னு பாக்காத, அக்கா. நல்லா இல்லன்னா நேரா சொல்லு" என்று முன்பே சொல்லியிருந்தான்.

முதல் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. தனியாக அறையெடுத்துத் தங்கும் ஒரு பெண், தானாகத் திறக்கும் கதவு, கண்ணாடியில் ஒரு முகம். நமக்குப் பயம் வருவதற்கு முன்பே இசை வந்துவிடுகிறது. பக்கத்தில் என் கணவர் நிதானமாகக் கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தார். இதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தக் காட்சி வந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து தலை துவட்டுகிறாள். தொலைவில் அருவிச் சத்தம். அது மெல்லக் கனக்கிறது. தண்ணீரோடு கல் உருளும் சத்தமும் சேர்கிறது. அவள் கை நின்றுவிடுகிறது. திரையில் வேறு ஒன்றுமே இல்லை, இசைகூட இல்லை. எனக்கு முதுகு சில்லிட்டது. அவள் அலறினாள். அதே நேரம் என் கணவர் எழுந்து, இருட்டில் நாற்காலிகளில் இடித்துக்கொண்டு வெளியே போனார்.

பின்னாலேயே ஓடினேன். படிக்கட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் குற்றாலத்தில் குளிக்கும்போது அவர் வெள்ளத்தில் மாட்டினார் என்று எனக்குத் தெரியும். கேட்டால், "கால் வழுக்கிட்டு, வேற ஒண்ணுமில்ல" என்று முடித்துவிடுவார். சீசனுக்கு விருந்தாட்கள் வந்தால் எங்களை அருவிக்கு அனுப்பிவிட்டு அவர் கார் பக்கத்திலேயே நிற்பார். கூட்டம் பிடிக்காது போல என்றுதான் நினைத்திருந்தேன்.

படம் முடிந்ததும் தம்பி நேரே எங்களிடம் வந்தான். முகம் வெளிறியிருந்தது. "அவ்வளவு மோசமாவா இருக்கு, அத்தான்?"

"அந்தச் சத்தத்த எங்கன பிடிச்ச?" என்று கேட்டார் என் கணவர்.

"குளிக்கத் தடை போட்டிருந்த அன்னைக்கு, வண்டி நிறுத்துத எடத்துல நின்னு ரெக்கார்ட் பண்ணுனேன்."

"அந்தப் பிள்ள எதுக்குக் கத்துது?"

"பயத்துலதான், அத்தான்."

"கத்த மாட்டா." அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. படியிறங்கியவர்கள் நின்று பார்த்தார்கள். "அது வரும்போது எவனும் கத்த மாட்டான், மாப்ள. வாயே தொறக்காது. என்னதுன்னு பாத்துக்கிட்டே நிப்பான்."

படத்திலேயே தம்பி பெரிதாக நினைத்திருந்தது அந்த அலறலைத்தான். போஸ்டரே அந்த முகம்தான். சண்டையாகிவிடும் என்று பயந்தேன். அவனோ, "அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க, அத்தான்?" என்று மட்டும் கேட்டான்.

அவர் படியிலேயே உட்கார்ந்தார். "அருவியில பிடிச்சிக்கக் கட்டியிருந்த சங்கிலியப் பிடிச்சிட்டுக் கெடந்தேன். பின்னால நின்ன ஒருத்தன் என் தோளப் பிடிச்சிருந்தான். அந்தக் கை கொஞ்ச நேரம் இருந்துச்சு. பொறவு இல்ல. கரைக்கு வந்து தேடுனேன். மூஞ்சியே பாக்காதவன என்னன்னு தேட?"

அவன் பிழைத்தானா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

தம்பி படத்திலிருந்து அலறலை வெட்டிவிட்டான். யூடியூபில் போட்ட பிறகு, பயமே வரவில்லை என்று நிறையப் பேர் எழுதினார்கள். நானும் கீழே என் கருத்தை எழுதினேன்: முதல் பாதி சுமார், இசை அதிகம், ஆனால் அந்தப் பெண் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அந்த இடத்துக்காகவே பார்க்கலாம்.

என் கணவர் படத்தை மறுபடி பார்க்கவில்லை. போன வாரம் காலையில் தோசை தின்றுகொண்டிருந்தவர் திடீரென்று, "அந்தக் கையில காப்பு மாதிரி என்னமோ போட்டிருந்தான்" என்றார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.