விஜயதசமியன்று எழுந்திருக்க மறுத்த கங்கா

சென்னைப் பட்டணத்துத் தண்ணீரெல்லாம் தன் விரல் அசைவுக்குக் காத்திருக்கிறது என்பது ஜெயலக்ஷ்மி மாமியின் பேச்சு. பட்டணம் என்பது கொஞ்சம் அதிகம்தான், அவளே ஒப்புக்கொள்வாள். ராஜா அண்ணாமலைபுரத்தில் எட்டு வீடு கொண்ட ஒரு குடியிருப்பு, அதன் மொட்டைமாடித் தொட்டி. அவ்வளவுதான் ராஜ்ஜியம்.

தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்றவளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஒருநாள் தொட்டி நிரம்பி வழிந்து, கீழே நின்ற குடியிருப்புச் செயலர் ஜெயராமின் புதுக் காரைத் தலைமுழுக வைத்தது. அன்றைக்கே மின்னணுச் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போய், சீட்டுக்கட்டு அளவில் ஒரு கணினிப் பலகை வாங்கி வந்தாள். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, நாலு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, அதற்கு வேலை கற்றுக்கொடுத்தாள். தண்ணீர் இறங்கினால் அதுவே மோட்டாரைப் போடும், நிரம்பினால் அணைக்கும். கங்கா என்று பெயரும் வைத்தாள். கங்காவின் புத்தி முழுக்க நகக்கண் அளவு மெமரி கார்டு ஒன்றில் இருந்தது.

சரஸ்வதி பூஜை வந்தது. உழைக்கிற எதற்கும் அன்று ஓய்வுதானே? கங்காவை அணைத்து, கார்டைத் தனியே உருவி, இரண்டையும் படத்தின் முன் வைத்தாள். மிக்ஸி முதல் கைபேசி வரை ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் இட்டாள்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து எல்லாவற்றையும் மாட்டி, சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மின்சாரம் வருகிறது என்று அர்த்தம். கார்டைப் படிக்கும்போது துடிக்க வேண்டிய பச்சை விளக்கு மட்டும் கண் திறக்கவில்லை.

"இன்னாமா, பொட்டி இன்னும் தூங்கிக்கினு கீதா? மோட்டார நானே போட்டுட்டேன்" என்றார் காவலாளி.

பின்னாலேயே ஜெயராம் வந்தார். "மாமி, சாயந்தரம் அசோசியேஷன் மீட்டிங். அதுக்குள்ள இது எழுந்துக்கலேன்னா கழட்டிடலாம். கடையில விக்கற பெட்டி ஒண்ணை மாட்டிக்கறோம். நீங்க நிம்மதியா சுண்டல் பண்ணுங்கோ."

பெட்டியைக் கழற்றுவதைக்கூடப் பொறுத்திருப்பாள். அந்தச் சுண்டல்தான் சுருக்கென்று தைத்தது.

சார்ஜரை மாற்றினாள். ஒயரை மாற்றினாள். மோட்டாருக்கும், தொட்டியில் நீர்மட்டம் பார்க்கிற மிதவைக்கும் போகிற இணைப்புகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, வெறும் பலகையாக வைத்துப் பார்த்தாள். சிவப்பு எரிந்தது, பச்சை அசையவில்லை. கடைசியாகக் கார்டை மடிக்கணினியில் செருகினாள். அப்படி ஒரு கார்டே இல்லை என்று அது சாதித்தது. நாலு மாத உழைப்பு. நகல் எடுக்க வேண்டும், எடுக்க வேண்டும் என்று தள்ளிப்போட்டே வந்திருந்தாள்.

எதிர்வீட்டு ஜஹீதா சுண்டல் டப்பாவைத் திருப்பித் தர வந்தாள். ராயப்பேட்டையில் மூன்று தலைமுறையாக அத்தர் விற்கிற குடும்பத்துப் பெண்.

"என்ன ஜெயா, மூஞ்சி கொலு கலைச்ச படி மாதிரி வெறிச்சோடிக் கிடக்கு?"

"கார்டு செத்துப்போச்சுடி. இனிமே நான் சுண்டல் மாமிதான்."

"குடு, பாக்கறேன்." கண்ணாடி கொண்டுவராததால் கார்டை முகத்துக்கு வெகு அருகில் பிடித்தாள் ஜஹீதா. மூக்குக்கு வந்ததை முகராமல் விடும் பரம்பரை இல்லை அது. "ஏ, இது கார்டா, கட்டையா? சந்தனம் மணக்குது!"

மாமி தலையில் அடித்துக்கொண்டாள். கார்டின் ஒரு பக்கம் கறுப்பு. மறுபக்கம் தங்கக் கோடுகள். மின்னுகிற பக்கம்தான் முகம் என்று அங்கேயே பொட்டு வைத்திருந்தாள். காலையில் புடவைத் தலைப்பால் துடைத்தது நினைவிருந்தது. துடைத்தால் போதும் என்று நினைத்ததுதான் தப்பு.

பென்சில் அழிப்பானால் தங்கக் கோடுகளை மெல்லத் தேய்த்தாள். சர்க்கரை ஊசிக்கு வைத்திருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, கார்டையும் பலகையில் அதைச் செருகும் வாயையும் துடைத்து, காயவிட்டுச் செருகினாள். பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டியது. யோசித்தது. பிறகு படபடவென்று துடிக்கத் தொடங்கியது.

"மாட்டறதெல்லாம் அப்புறம். மொதல்ல நகல் எடு" என்று அதட்டினாள் ஜஹீதா. மாமி மடிக்கணினியில் நகல் எடுத்தாள்.

மாலை மொட்டைமாடியில் எல்லோரும் கூடியபோது தொட்டியில் தண்ணீர் இறங்கியிருந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். கீழே மோட்டார் தானாக உறுமியது. காவலாளி கை தட்டினார்.

"சரி மாமி, கங்கா இருக்கட்டும்" என்றார் ஜெயராம். "என்னதான் கோளாறு?"

வேறொருத்தியாக இருந்தால் தூசி என்று சொல்லித் தப்பித்திருப்பாள். மாமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்க மாமியார் மைசூர்லேர்ந்து கொண்டுவந்த சந்தனக் கட்டை. நாலே இழைப்புல தெருவே மணக்கும். அந்தப் பொட்டோட சக்தியை மிஷின் தாங்கலை, அவ்வளவுதான்!"

சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள் ஜஹீதா. வாயிலிருந்த சுண்டலை மென்று முழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"மைசூரும் இல்ல, கட்டையும் இல்லீங்க. நம்ம தெருமுனைக் கடையில விக்கிற சந்தன வில்லை. அதுல சந்தனம்கூடக் கிடையாது, வெறும் செண்ட்டு."