பாலத்தில் விழாத இரண்டு அடி

காசிம் நானா மவுத்தான செய்தி, அவரை அடக்கி மூன்று நாள் கழித்துத்தான் ஹுன்னஸ்கிரியவுக்கு வந்தது. கருவாட்டு வியாபாரிதான் சொன்னார். சொல்லிவிட்டு, "அரை றாத்தலா, ஒரு றாத்தலா?" என்று கேட்டார். "ஒரு றாத்தல்" என்றேன். வீட்டில் ஏற்கெனவே கருவாடு இருந்தது.

நம் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருநாள் நாடகங்களைப் பார்த்தவர்களுக்கு நானாவைத் தெரியும். கட்டுகஸ்தோட்டையில் தையல்கடை வைத்திருந்தார். நம் ராஜாக்களுக்கும் சிறகு வைத்த சம்மனசுகளுக்கும் உடுப்புத் தைத்தவர் அவர்தான். ஒருமுறை ராஜாவின் அங்கியில் வெற்றிலைக்கென்று ஒரு பை வைத்துவிட்டார். ராஜா கொலுவில் இருந்தபடியே வெற்றிலை மடித்தார். அது வேறு கதை. உடுப்போடு மெட்டும் தருவார் நானா. தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே ஆர்மோனியம் இருக்கும்.

எனக்கு எழுத்துத் தெரியாது. மெட்டைக் காதால்தான் வாங்க வேண்டும். நானா ஒரே ஒரு தரம் வாசிப்பார். "இப்ப பாலத்தக் கடந்து போய் எனக்கு வெத்தில வாங்கிட்டு வா. வந்து பாடு" என்பார். பாலத்தின் கீழே மகாவலியில் யானை குளிக்கும். அதைப் பார்த்து நின்றால் பாதி மெட்டு போய்விடும். மிஞ்சியதைத்தான் வந்து பாடுவேன். "விழுந்தது விழட்டும். மிஞ்சினதுதான் பாட்டு" என்று அதையே வைத்துக்கொள்வார்.

நாடகம் பழக்கிய அண்ணாவியாருக்கு இது பிடிக்காது. அந்த வருடம் நான் மாதா வேஷம். மகனைப் பறிகொடுத்துப் பாடும் இடம்.

"என்னய்யா இது, நாலு படி ஏறுது, நாலு படி எறங்குது! இதுக்கு ஒரு ஆர்மோனியம் வேறயா?"

"புள்ளயப் பறிகுடுத்தவளுக்கு அதுக்கு மேல மூச்சு ஏறாது, அண்ணாவியாரே" என்றார் நானா.

மறுநாள் கொழுந்து மலையில் பெண்கள் அதைப் பாடினார்கள். ஒரே ஒரு தடவை கேட்டவர்கள். பீலித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டே அண்ணாவியாரும் முனகினார். என்னைக் கண்டதும் இருமினார்.

கடைசியாக ஒரு மெட்டு வாங்கினேன். ஆறு அடி. வெற்றிலைக்குப் பாலத்தைக் கடந்தால் அக்கரையில் ஊர் பஸ் நின்றது. அடுத்த ஞாயிறு பாடிக்காட்டலாம் என்று ஏறிவிட்டேன். மழை, காய்ச்சல் என்று மூன்று ஞாயிறு போனது.

செய்தி கேட்டபின் போனேன். கடையில் நானாவின் மச்சான் இருந்தார். மெஷின் மேல் துணி போட்டு மூடியிருந்தது.

"வாங்க ஆரோக்கியம். உடுப்புக்கா?"

"இல்லீங்க. நானாவுக்கு ஒரு மெட்டு பாடிக்காட்ட இருந்திச்சி."

மவுத்து வீட்டில் பாடக்கூடாது என்று எனக்கும் தெரியும். திரைக்குப் பின்னால், வீட்டுப் பக்கம், இத்தா துக்கத்தில் இருந்த நானாவின் மனைவி தன் அண்ணனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார்.

"தங்கச்சி கேக்குறா, எத்தின அடி மிஞ்சிச்சாம்?"

"ரெண்டு."

அவர் உள்ளே போனார். பிறகு மச்சான் வந்து சொன்னார்: "ரெண்டுதான் மிஞ்சும் எண்டு அவர் அண்டைக்கே செல்லி ஈந்தாராம். வேற ஆரையும் வெத்திலைக்கு அனுப்ப உடல்லயாம். ஆரோக்கியம் கொண்டுவருவான் எண்டே பாத்துக்கொண்டு ஈந்தாராம்."

எனக்கு அழுகை வரவில்லை. பாலத்தைக் கடந்தேன். யானை குளித்துக்கொண்டிருந்தது. வெற்றிலைக்காரர் வழக்கம்போல ஒரு கட்டு வெற்றிலையை நீட்டினார், வாங்கினேன். திரும்பி வந்து மெஷின் மேல் வைத்தேன். மச்சான் எடுக்கச் சொல்லவில்லை.

வரும் திருநாளில் அந்த இரண்டு அடியைத்தான் பாடப்போகிறேன். நானாவிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். போகும்போதும் விழவில்லை, வரும்போதும் விழவில்லை.