வளவு என்றொரு சொல்

கொழும்பில் எதைக் கேட்டாலும் யாழ்ப்பாணத்தார் ‘ஓம்’ என்கிறார்கள். கப்பலில் வந்திறங்கிய புதிதில், பேச்சுக்கு நடுவே இத்தனை மந்திரமா என்று வியந்திருக்கிறேன். ‘ஆமாம்’ என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அது தெரிந்ததும் இவர்கள் தமிழ் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். வீடு வாங்கக் கிளம்பியபோதுதான், பிடிபட்டது வால் மட்டும் என்று தெரிந்தது.

நம் திருநெல்வேலியில் வளவு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஒரே வாசலுக்குள் வரிசையாக வீடுகள், எல்லாருக்கும் பொதுவாய் ஒரு கிணறு. அந்தக் கிணற்றடியில் குடத்துக்குக் குடம் சண்டை போட்டு அலுத்த என் மனைவி செண்பகம், “இனி ஒரு வளவுல கால் வைக்க மாட்டேன். தனி வீடு வாங்குங்க, தூத்துக்குடியில கப்பல் ஏறுதேன்” என்று சொல்லிவிட்டாள். நானோ கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் கடைக்கு மேலே தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தேன்.

கந்தையா என்ற யாழ்ப்பாணத் தரகர் வெள்ளவத்தையில் ஒரு வீடு சொன்னார். மழைக்கு அடுப்படி ஒழுகும், கடற்காற்றுக்கு ஆணியெல்லாம் துருப்பிடிக்கும் என்று குறைகளை முதலில் கொட்டிவிட்டு, கடைசியில் முகம் மலர்ந்தார். “ஆனா ஐயா, நல்ல வளவு.” நான் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அடுத்துப் பிடித்தது நம்மூர்த் தரகர் சுடலைமுத்துவை. “வளவா? அந்தப் பேச்சே கிடையாது அண்ணாச்சி. தனி வீடு.” ஒரே ஊர், ஒரே நாக்கு, இவர்தான் நமக்கு என்று ட்ராமில் கிராண்ட்பாஸ் போனோம். வாசல் தனிதான். பின்கதவைத் திறந்தால் ஒரு குழாய், அதைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் குடமும் கையுமாக. தண்ணீருக்கு மட்டுந்தான் வருவார்கள் என்றார் சுடலைமுத்து. இதற்கா செண்பகத்தைக் கடல் தாண்டி வரச் சொல்வது?

மறுநாள் கந்தையா கடைக்கே வந்துவிட்டார். “வளவு எண்டதும் ஏன் ஐயா கோவிச்சுக்கொண்டு போனனீங்கள்?”

சொன்னேன். மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். “எங்கட ஊரில வளவு எண்டா வீட்டைச் சுத்தின காணி. வேலி, மாமரம், கிணறு, எல்லாம் உங்களுக்கு மட்டுந்தான்.”

கோபித்துப் போனவனைத் தேடிவந்து ஏன் என்று கேட்டாரே, அவரையே தரகராக வைத்துக்கொண்டு அந்த வெள்ளவத்தை வீட்டை வாங்கினேன். குறை சொல்லாத தரகனும் கூரை இல்லாத வீடும் ஒன்று என்பார் அவர்.

செண்பகம் வந்துவிட்டாள். கந்தையா சொன்னபடியே அடுப்படி ஒழுகுகிறது. அதுவல்ல விஷயம். காலையானால் குடத்தை எடுத்துக்கொண்டு, வேலி இடுக்கு வழியாக நுழைந்து பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போகிறாள். நம் கிணற்றில் தண்ணீர் இல்லையா என்று கேட்டேன்.

“தண்ணி கெடக்கு. ஆளு இல்லையே.”

வேலிக்கு அப்பால் குடங்கள் மோதும் சத்தம். நடுவே அவள் குரல், நம்மூர் இழுவையில்: “ஓம் அக்கா, ஓம்.”