வந்திறங்குபவர்களின் முதல் கோப்பி

விமான நிலையத்தில் நல்ல கோப்பி வேண்டுமென்றால் வெளிச்சமான கடைகளைத் தேடக்கூடாது. தரை துடைப்பவர்கள் ஓய்வு நேரத்தில் எங்கே போய் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இதை நான் எங்கும் படித்து அறியவில்லை. நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். அதுவும் சண்டைக்கு இடம்பெயர்ந்து, மூன்று பள்ளிக்கூடங்களிலும் இரண்டு மரங்களுக்குக் கீழும்.

இருபது வயதுக்குப் பிறகு என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கட்டாரில் கட்டடங்களுக்குக் கம்பி வளைத்தேன். மலேசியாவில் கோழிப் பண்ணையில் இருந்தேன். ஒரு தடவை இன்னும் தூரம் போகப் பார்த்து, பாதி வழியில் திருப்பி அனுப்பப்பட்டேன். கோலாலம்பூர் விமான நிலையத்தில், வேலையாட்கள் சாப்பிடும் கீழ்த்தளத்தில், டப்பாவில் வரும் கெட்டியான ரின்பால் ஊற்றிய கறுத்தக் கோப்பி கிடைத்தது. அரபு நாட்டில் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு மலையாளி ஃபிளாஸ்க்கில் வைத்திருப்பார். என்னைத் திருப்பி அனுப்பிய இடத்தில் யன்னல் இல்லாத அறையில் ஒரு நாள் இருத்தி வைத்தார்கள். காவலுக்கு நின்றவன் இயந்திரத்திலிருந்து இரண்டு கோப்பி எடுத்து வந்து ஒன்றை என்னிடம் நீட்டினான். சீனி போதுமா என்று கையால் கேட்டான். நல்ல கோப்பிதான். குடித்து முடிப்பதற்குள் விமானத்தில் ஏற்றக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்போது வன்னியில், மாங்குளத்தில் ஒருவருடைய வான் வண்டியை ஓட்டுகிறேன். எங்கள் பக்கத்தில் யார் வெளிநாடு போனாலும் வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். "அவனுக்கு எயார்போட் தெரியும்" என்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு கோப்பிக் கடை மட்டும்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து வெளியே வந்து பெருந்தெருவுக்கு ஏறும் முன், இடது பக்கம், தகரக் கூரைக் கடை. ஒரு சிங்கள அம்மா நடத்துகிறார். கோப்பிக்கொட்டையோடு சுக்கு என்கிற வேர்க்கொம்பும் கொஞ்சம் மிளகும் சேர்த்து இடித்த தூள். எங்கள் வீடுகளில் குடிப்பது போலவே இருக்கும்.

வந்திறங்குபவர்களை முதலில் அங்கேதான் கொண்டுபோய் இருத்துவேன். அரபு வீடுகளில் வேலை செய்துவிட்டு வருகிற பெண்கள் விமான நிலைய வாசலில் ஒன்றும் கதைக்கமாட்டார்கள். கோப்பி பாதி இறங்கிய பிறகுதான் வாய் திறப்பார்கள். சிலர் அழுவார்கள். அப்போது நான் எழுந்துபோய் ரயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பேன்.

போன வருடம் விசுவமடுவில் இருந்து ஒரு தகப்பனையும் ஆறு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு போனேன். அவனுடைய தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர். இவன் கூலிக்கு வயல் செய்கிறான். மகளுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது மனைவி குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். அன்றுதான் திரும்பி வருகிறாள்.

அவன் புதுச் சேட் போட்டு, முகம் வழித்து, வாசனை அடித்திருந்தான்.

"என்ன மாப்பிள்ளை, பொம்பிளை பாக்கவோ போறாய்?" என்றேன்.

"பாத்த பொம்பிளைதான் அண்ணே. என்னையப் பாத்திட்டுத் திரும்பிப் பிளேன் ஏறாம இருந்தாச் சரி."

வழி நெடுக மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தான்.

"அம்மாவக் கண்டா என்ன செய்யோணும்?"

"ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கோணும்."

"வெக்கப்படுவீங்களா?"

"இல்ல. நான் அம்மாவோட ஒவ்வொரு கிழமையும் கதைக்கிறனான்தானே."

அது உண்மைதான். வெள்ளிக்கிழமைகளில் போனில் முகம் பார்த்துக் கதைப்பார்கள். பிள்ளை அறிந்த அம்மா கறுத்தத் துணி சுற்றிய ஒரு முகம். முகத்துக்குப் பின்னால் வெள்ளை மாபிள் பதித்த பெரிய குசினி, அடுப்பும் அலுமாரியுமாக. தகப்பனோ நானோ இதை யோசிக்கவில்லை.

முற்பகல் பத்து மணிபோல அவள் பெட்டிகள் ஏற்றிய வண்டிலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். தலையில் துணி இல்லை. முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். நன்றாக மெலிந்திருந்தாள். அவன் ஓடிப்போய் வண்டிலைப் பிடித்தான். பிள்ளை என் காலுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, அவளைத் தாண்டிக் கதவையே பார்த்தது. அவள் குனிந்து கன்னத்தைத் தொட்டாள். பள்ளிக்கூடத்துக்கு வரும் அதிகாரிக்குச் சொல்வது போலப் பிள்ளை "வணக்கம்" என்றது.

"வளந்திட்டாள்" என்றாள் அவள்.

கடைக்குக் கூட்டிவந்தேன். நாங்கள் மூவரும் கதிரைகளில் இருந்தோம். அவள் இருக்கவில்லை. கடைக்கார அம்மா ஊற்றி வைத்த கோப்பிகளைத் தானே எடுத்துவந்து எங்களுக்கு முன்னால் வைத்தாள். பிள்ளையின் பால்கோப்பியை இரண்டு கோப்பைகளில் மாற்றி மாற்றி ஆற்றினாள். ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தாள். சிந்தியதைத் துடைத்தாள். பிறகு தன் கோப்பையோடு சுவரோரம் போய் நின்று, சுடச்சுட இரண்டே மிடறில் குடித்து முடித்தாள்.

"இருந்து குடியேன்" என்றான் அவன்.

"பரவாயில்ல. பழகிப் போச்சு."

'இரு மகளே' என்று கடைக்கார அம்மா சிங்களத்தில் சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டார். அவள் சிரித்துவிட்டுக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளை மெதுவாகத் தகப்பனைக் கேட்டது. "அப்பா, இந்த அன்ரியும் எங்களோட வாறாவா?"

"அன்ரி இல்ல, அம்மா."

"போங்கப்பா, பகிடி விடாதீங்க."

வானில் ஏறும் நேரம் வந்தபோதுதான் அது பகிடியோ விளையாட்டோ இல்லை என்று ஆனது. பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு ஏறமாட்டேன் என்றது. "அம்மா இன்னும் வரேல்ல. நாங்க போனா அவ தனிய நிப்பா." தகப்பன் தூக்கி ஏற்றப் பார்த்தான். பிள்ளை வீரிட்டுக் கத்தியது. பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்திருப்பார்கள்.

"இவதானடி அம்மா!" அவன் கை ஓங்கிவிட்டான்.

"அடிக்காதீங்க" என்றாள் அவள். அவளுடைய குரல் உயரவில்லை. கண்ணும் காய்ந்துதான் இருந்தது. பிறகு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, என்ர போனுக்கு இங்க நெற் இல்ல. உங்கட போன்ல இருந்து தருவீங்களா?"

என் போனில் ஹொட்ஸ்பொட் போட்டுக்கொடுத்தேன். அவள் கைப்பையைத் திறந்து ஒரு கறுத்தத் துணியை எடுத்தாள். கடைக்குப் பின்னால், கோப்பை கழுவும் பக்கம் போனாள். சிறிது நேரத்தில் தகப்பனுடைய போன் அடித்தது.

பிள்ளை போனைப் பறித்துக்கொண்டது. அழுகை நின்றது. "அம்மா, எங்க நிக்கிறீங்க? நாங்க எயார்போட்டுக்கு வந்திட்டம்."

"நானும் இங்கதான் நிக்கிறன் செல்லம்."

"அப்பா வெளிக்கிடப் போறார். கெதியா வாங்க."

"வாறன். நீங்க வானுக்குள்ள ஏறி இருங்க. நான் நடந்து வாறன்."

பிள்ளை ஏறி இருந்தது. போனில் அந்த முகத்துக்குப் பின்னால் தகரக் கூரை அசைந்தது. பிறகு கடைக்கார அம்மாவின் பாதி உடம்பு. பிறகு எங்கள் வானின் கதவு. பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. அதே முகம், அதே கறுத்தத் துணி, ஒரு கை தூரத்தில்.

கட்டிப்பிடிக்கவில்லை. பிள்ளை போனைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, திரும்பவும் போனைப் பார்த்தது. பிறகு பின் சீற்றில் நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டது. அவள் ஏறி இருந்தாள். தகப்பன் முன்னால் என் பக்கத்தில் வந்து இருந்து, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

பிள்ளை அழைப்பை வெட்டவிடவில்லை. அவள் பக்கத்தில் இருந்தபடியே போனில்தான் கதைத்தாள். பிள்ளையும் போனுக்குத்தான் பதில் சொன்னது. எந்த ரீச்சர் நல்லவா, எந்தப் பல் விழுந்தது, கோழி எத்தனை குஞ்சு பொரித்தது என்று எல்லாம் கேட்டாள். இரண்டு போனும் பக்கத்தில் இருந்ததால் கீச்சென்று சத்தம் வந்தது. குறைத்து வைத்தார்கள். என்னுடைய டேட்டா கரைந்துகொண்டிருந்தது. அனுராதபுரத்தில் சாப்பிட இறங்கலாமா என்று கேட்டேன். பின்னால் போன் கதை நிற்கவில்லை. தொடர்ந்து ஓட்டினேன்.

மதவாச்சி தாண்டி, இரண்டு பக்கமும் காடு வந்த இடத்தில் போனில் முகம் அப்படியே நின்றுவிட்டது. பிள்ளை போனைத் தட்டியது, குலுக்கியது, காதில் வைத்துப் பார்த்தது. பிறகு பக்கத்தில் இருந்தவளின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது.

"அம்மா, லைன் கட்டாப் போச்சு."

"ஓம்" என்றாள் அவள். "கட்டாப் போச்சு."