அசையாத எண்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கோடை உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். ஹைதராபாத்தில் வீட்டுக்கு வீடு ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, மின்சாரத் தேவை எகிறிக்கொண்டிருந்தது. உப்பலில் ஒரு தனியார் நிறுவனத்தின் கண்காணிப்பு அறையில் எனக்கு வேலை. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகும் என்னை வைத்திருக்கிறார்களே என்று சில நாள் எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

என்ன வேலை என்று என் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை புரியவைக்க முடிந்ததில்லை. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் அனல் மின் நிலையங்களின் நீராவி டர்பைன்களை இங்கே உட்கார்ந்தபடி திரையில் கவனிப்போம். நாள்கணக்கில் நிறுத்திவைத்துக் குளிர்ந்துபோன டர்பைனை மறுபடி ஓட்டும்போதுதான் ஆபத்து. நீராவி உள்ளே போனதும் இரும்பின் மேல்பரப்பு சட்டென்று சூடாகிவிடும், உட்பகுதி குளிர்ந்தே கிடக்கும். சில்லென்ற கண்ணாடி டம்ளரில் கொதிக்கிற காபியை ஊற்றினால் விரிசல் விடுமே, அந்தக் கதைதான். டம்ளர் போனால் போகட்டும் என்று விடலாம். இது பல டன் இரும்பு, நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றுவது, பக்கத்தில் ஆட்கள் நடமாடுகிற இடம். மேல்பரப்பின் சூட்டையும் உட்பகுதியின் சூட்டையும் எங்கள் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்த்து, டர்பைனைக் கிளப்பும் நேரத்தில் மட்டும் திரையில் ஒரு பட்டையாகக் காட்டும். பச்சை என்றால் வேகத்தை ஏற்றலாம். மஞ்சள் என்றால் காத்திருக்க வேண்டும். சிவப்பு என்றால் தொடவே கூடாது.

அந்தக் கோடையில், ஹைதராபாத்திலிருந்து ரயிலில் நான்கு மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு மின் நிலையத்தில் டர்பைனைப் பிரித்துப் பழுது பார்த்தார்கள். அப்போது உட்பகுதிச் சூட்டை அளக்கும் கம்பியைக் கழற்றியிருந்தார்கள். கழற்றிய கம்பியிலிருந்து கண்டபடி அளவுகள் வந்து, என் மேஜையில் அலாரம் ஓயாமல் அடித்தது. அந்த மாதிரி நேரத்தில் உண்மையான அளவை ஒதுக்கிவிட்டு நாங்களே ஓர் எண்ணைப் போட்டு வைப்போம். 'ஃபோர்ஸ்' பண்ணுவது என்போம். போட்ட கையோடு அதற்கென்று இருக்கும் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும்; டர்பைனை ஓட்டுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். நான் எந்தப் பக்கமும் அலாரம் அடிக்காத மாதிரி ஒரு நடுத்தர எண்ணைப் போட்டேன். எழுதுவதற்குள் மகளின் பள்ளியிலிருந்து போன், காய்ச்சல் என்று. பள்ளி இருக்கும் மெட்டுகுடாவுக்கு ஓடினேன். இரண்டு நாள் லீவு. திரும்பி வந்தபோது அந்த எண் என் நினைவிலேயே இல்லை.

அடுத்த வாரம் காலை எட்டு மணிக்கு அந்த டர்பைனைக் கிளப்ப ஆரம்பித்தார்கள். அங்கே பொறுப்பில் இருந்த இன்ஜினீயரை எனக்குக் குரலாக மட்டுமே தெரியும். என்னைவிடச் சின்னவர். செகந்திராபாத்தில் நான்கு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். நாங்கள் யோசனைதான் சொல்வோம். வேகத்தை ஏற்றும் முடிவு அவருடையது.

பதினொரு மணிவாக்கில் குறைந்த வேகத்தில் சூடேற்றும் கட்டம் முடிந்தது. பட்டை நல்ல பச்சை. ஏற்றலாம் சார் என்றேன்.

"நக்கோ, வேணாம் மேடம். இப்ப ஏத்த மாட்டேன்" என்றார். "உள்ள இன்னும் சூடு ஏறல."

பட்டை பச்சையாகத்தானே இருக்கிறது என்றேன். அது தனக்கும் தெரிகிறது, ஆனால் சூட்டில் சுழலும் தண்டு நீளுகிற வேகத்துக்கு வெளிக்கூடு நீளவில்லை, தனக்கு மனசு ஒப்பவில்லை என்றார். அந்த அளவும் வரம்புக்குள்தானே இருக்கிறது என்று நான் சொன்னேன். அது உண்மைதான். என் வாய் கொஞ்சம் நீளம். பல வருஷக் கணக்கு போட்டுச் செய்த கம்ப்யூட்டரைவிட உங்கள் மனசு பெரிதா என்று கேட்டுவிட்டேன். அவர் போனை வைக்கவில்லை. ஏற்றவும் இல்லை.

இரண்டு மணி நேரம் அப்படியே ஓடவிட்டு, அதற்குப் பிறகுதான் ஏற்றினார். மின்சாரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. டர்பைன் கிளம்பத் தாமதமானால் அதற்கு அறிக்கை எழுத வேண்டும். ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் ஒரு பொறுப்பாளி இருந்தாக வேண்டும். பாய்லரா, பம்பா, ஆளா என்று ஒரு பெயரில் தள்ளாமல் அந்தப் படிவம் முடியாது. நான் யோசிக்கவே இல்லை. 'போதிய பாதுகாப்பு இடைவெளி இருந்தும் நிலையப் பொறியாளரின் தேவையற்ற தயக்கத்தால் இரண்டு மணி நேரத் தாமதம்' என்று எழுதி அனுப்பிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

நான்கு நாள் கழித்து வேறு ஏதோ தேடும்போது அந்த எண் கண்ணில் பட்டது. டர்பைன் முழு வேகத்தில், முழுச் சூட்டில் ஓடுகிறது. உட்பகுதிச் சூடு மட்டும் ஒரு புள்ளி கூட அசையாமல் நிற்கிறது. நான் போட்ட எண்.

பழுது முடிந்ததும் கம்பியை மறுபடி மாட்டியிருந்ததால் உண்மையான அளவுகள் தனியாகப் பதிவாகியிருந்தன. அவற்றை வைத்து அன்றைய காலையை மறுபடி கணக்கிட்டுப் பார்த்தேன். நான் ஏற்றச் சொன்ன நேரத்தில் பட்டை சிவப்பு. கொஞ்சநஞ்சச் சிவப்பில்லை. அவர் ஏற்றிய நேரத்தில் அப்போதுதான் பச்சைக்கு வந்திருந்தது. என் பேச்சைக் கேட்டு ஏற்றியிருந்தால் தண்டில் விரிசல் விழுந்திருக்கலாம், கூட்டில் உரசி உடைந்தும் இருக்கலாம். அந்தக் கூடத்தில் அன்று பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சத்தமில்லாமல் அந்த எண்ணை எடுத்துவிட்டேன். ரிஜிஸ்டரில் எழுதாததால் யாருக்கும் தெரியாது. ஒன்றும் ஆகவில்லையே, விடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தேன். என்னம்மா என்று கேட்ட மகளிடம் தலைவலி என்றேன்.

மறுநாள் மேனேஜர் பேச்சுவாக்கில் சொன்னார்: என் அறிக்கையை வைத்து அந்த இன்ஜினீயருக்கு மெமோ கொடுத்திருக்கிறார்களாம், டர்பைனிலிருந்து எடுத்து நிலக்கரி இறக்கும் பக்கம் மாற்றப் போகிறார்களாம். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அங்கேயே நின்றபடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எழுதிக் கொடுத்தால் உங்கள் வேலைக்கு நான் பொறுப்பில்லை என்று அவர் தெலுங்கில் மெதுவாகச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத் தாமதத்துக்குப் பொறுப்பாளி என்ற இடத்தில், தாமதம் அவசியமானது, தவறு என்னுடையது என்று எழுதி என் பெயரைப் போட்டேன். எனக்கு மெமோ வந்தது. ஆறு மாதம் டர்பைன் கிளப்பும் வேலையில் என்னைச் சேர்க்கவில்லை. அது நியாயம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் செகந்திராபாத்தில் ரயில் ஏறினேன். போனில் மன்னிப்புக் கேட்டால் போதாது என்று தோன்றியது. மின் நிலையத்து கேன்டீனில் அந்த இன்ஜினீயர் வந்து உட்கார்ந்தார். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட ஒல்லியான ஆள். கண்ணுக்குக் கீழே கருப்பு. மெமோவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், பழைய இடத்திலேயே இருக்கிறேன் என்றார். நடந்ததையெல்லாம் சொன்னேன், சத்தமில்லாமல் எண்ணை எடுத்ததையும் சேர்த்து. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

டீ டம்ளரை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னார்:

"மெமோ வந்ததுலேருந்து எனக்கு என் மேலயே டவுட்டு மேடம். நமக்குத்தான் பயம் போல, மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு போலன்னு. அடுத்த தடவ நீங்க பச்சைன்னு சொன்னா, எதையும் பாக்காம ஏத்திரணும்னு முடிவு பண்ணி வெச்சிருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. அவர்தான் பாவம், சங்கடப்பட்டு இன்னொரு டீ வாங்கிவரப் போனார்.

நான் போட்ட பொய் எண்ணைக் கண்டுபிடித்து எடுக்க, டர்பைன் கிளம்பிய பிறகும் நான்கு நாள் ஆனது. சரியாகப் பார்த்த ஒரு மனிதர் தன் கண்ணையே நம்பாமல் போகும்படி நான் எழுதிய அந்த ஒரு வரி, எடுக்க ஆளில்லாமல் அவருக்குள்ளேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு, யாரைப் பற்றி எதை எழுத உட்கார்ந்தாலும் இன்றைக்கும் என் கையைப் பிடித்து நிறுத்துகிறது.